நின்றால்தான் எடுக்கும் கேமரா

மதினி,

இன்று மத்தியானம் எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பிளாஸ்டிக் மூடியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நூல் மில் மெஷினுக்குப் போகும் மூடி. தேய்க்கத் தேய்க்கச் சூடேறி, சர்க்கரை கருகினாற்போல ஒரு வாசனை கிளம்பியது. நான் கம்ப்யூட்டரில் வேறொரு டிராயிங்கைத் திருத்திக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டு மாடியறையில் அடிக்கும் வாசனை அது. "என்னக்கா, தலைவலியா?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்படிச் சொல்லிவிடுவது சுலபம்.

நிஜமாகவே களைப்பாகத்தான் இருக்கிறது. வேலைக் களைப்பு தூங்கினால் போய்விடும். இது வேறு. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் அந்த மாடியறைக்குத்தான் போய் நிற்கிறது.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முதலில் பட்டது உங்கள் பேச்சுதான். தொப்பம்பட்டிப் பக்கத்துத் தோட்டக்கார வீட்டுப் பெண். வயதில் சின்னவளான என்னையும் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவீர்கள். அம்மாவுக்கு அது வேடிக்கை. "ஏன் தாயி, ஒன் நாத்தனாளுக்குப் போயி எதுக்கு இம்புட்டு மரியாதை? தலையில ஏறி உக்காந்துக்கிருவா" என்பாள். "இருக்கட்டுங்கத்தை, வாய்ப் பழக்கமுங்க" என்பீர்கள். கடைசிவரை அந்தப் பழக்கம் போகவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் நீங்கள் வேலை பார்த்த கம்பெனி, கடைகளிலும் தெருமுனைகளிலும் மாட்டுகிற கண்காணிப்புக் கேமராக்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துவந்தது. இங்கே வந்த பிறகும் மாடியறையில் உட்கார்ந்து அதே வேலையைத்தான் செய்தீர்கள். நான் காபி கொண்டுவரும்போதெல்லாம் உங்கள் திரையில் ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு தெரு ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் ஒரு மனிதர் நடுரோட்டில் நின்று சட்டைப் பையைத் துழாவினார். எதையோ தொலைத்திருக்கிறார். திரும்பத் திரும்பத் துழாவிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். நீங்கள் சட்டென்று திரையை அணைத்துவிட்டீர்கள். "அவருக்கு நாம பாக்கறது தெரியாதுங்க செல்வி" என்றீர்கள். சில மாதம் கழித்து அந்த வேலையை விட்டுவிட்டீர்கள்.

உங்கள் இதயத்தைப் பற்றி எங்களுக்கு முன்பே தெரியும். உங்கள் அப்பா எதையும் மறைக்காமல் சொல்லித்தான் பெண் கொடுத்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வால்வு கெட்டு, ஒரு தடவை ஆபரேஷனும் ஆகியிருந்தது. தினமும் மெதுவாக நடக்க வேண்டும், மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் பேங்கில் வேலை முடித்து வத்தலக்குண்டிலிருந்து வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். அதனால் உங்களோடு நடக்கிற வேலை எனக்கு வந்தது.

பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனால் எனக்குத் தெரிந்த திண்டுக்கல், டவுன் பஸ் போகிற வழி மட்டும். வீடு, பஸ் ஸ்டாண்டு, பட்டறை. மலைக்கோட்டையை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே பாறைதானே என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். உங்களோடு நடந்தால் நாலு கடைக்கு ஒருதரம் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நின்ற இடத்தில் போனை எடுத்து நோண்டுவேன். நீங்கள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு எதிரே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு மாடி ஜன்னலில் பூட்டுப் போட்டிருப்பதை, சலூன்காரர் கண்ணாடியில் பழைய பொங்கல் வாழ்த்து இன்னும் ஒட்டியிருப்பதை, ஒரே காம்பவுண்டுச் சுவரில் மூன்று காலத்துக் கல் இருப்பதை. "மூச்சு வாங்கலைன்னா இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க" என்று ஒருநாள் சொன்னீர்கள். நாகல் நகர் பாலத்துக்குக் கீழே நின்றிருந்தோம். "மூச்சு நல்லா இருக்கறவங்களையும் நிக்க வைக்கற மாதிரி ஒரு கேமரா செய்யலாமுங்களா?"

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

மறுவாரமே மாடியறை பட்டறையாகிவிட்டது. உள்ளே இருக்கிற மின்சார வேலையெல்லாம் உங்களுடையது. வெளிக்கூட்டை வரைவது என் பொறுப்பு. எங்கள் முதலாளி நல்ல மனிதர், பிளாஸ்டிக்கை உருக்கிப் பொருளாகவே அச்சடிக்கிற 3டி பிரின்டரை ஞாயிற்றுக்கிழமை பயன்படுத்திக்கொள்ள விட்டார். அச்சாகி வரும் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாற்றி மாற்றித் தேய்த்து வழுவழுப்பாக்குவோம். "வீடு பூரா பாகு தீஞ்ச மாதிரி நாறுது, இதுக்குப் பதிலா ரெண்டு வெஞ்சனம் கூட வக்கலாம்" என்று அம்மா கீழேயிருந்து கத்துவாள்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி. பார்க்க ஒரு துளை, அமுக்க ஒரு பட்டன். திரை கிடையாது. எடுத்த படத்தை மறுநாள் வீட்டில்தான் பார்க்க முடியும். ஒரு நடைக்குச் சில படங்கள்தான், அதற்குமேல் எடுக்காது. முதலில் நீங்கள் வழி சொல்கிற குரல் ஒன்றையும் வைத்திருந்தீர்கள், இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் போ என்று. அதை நம்பிப் போய் ஒரு வீட்டுப் பின்கட்டில், பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த யாரோ ஓர் அம்மாவின் முன்னால் போய் நின்றோம். அன்றைக்கே அந்தக் குரலை எடுத்தாயிற்று.

கடைசியில் மிஞ்சியது காத்திருப்புதான். பட்டனை அமுக்கினால் உடனே எடுக்காது. பெட்டிக்குள் இருக்கிற சென்சார் கை அசைகிறதா, கால் நகர்கிறதா என்று பார்க்கும். ஆள் அசையாமல் நின்று சில மூச்சு விட்ட பிறகுதான் ஷட்டர் திறக்கும். நடுவில் நகர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

அதை முதன்முதலாகப் பூ மார்க்கெட்டுக்கு எடுத்துப்போனோம். ஒரு சம்பங்கிக் கடைக்கு முன்னால் நீங்கள் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி நின்றீர்கள். கடைக்காரம்மா கொஞ்சம் பொறுத்தாள், பிறகு தராசைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா, கடையை அளக்க வந்தீகளா?"

"இல்லீங்க, படம் எடுக்கறேனுங்க."

"எடுத்துட்டுப் போக வேண்டியதான. ஏன் அப்பிடியே நிக்கிறீக?"

"நின்னாத்தானுங்க இது எடுக்கும்."

"இதென்ன கேமராவா, சாமியா? காத்துக் கெடந்தாத்தேன் கண்ணு தொறக்குமாக்கும்?" என்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. உங்களுக்கும் சிரிப்பு வந்து கை ஆடி, படம் விழவில்லை. திரும்ப நின்றீர்கள். அதற்குள் அவள் எங்கேயிருந்து வாரீக, யார் வீடு, ஏன் இப்படி மூச்சு வாங்குது என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கிளம்பும்போது உங்கள் கையில் ஒரு முழம் மல்லிகையைத் திணித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நீங்கள் சொன்னீர்கள்: "ஊரைப் பாக்கறதுக்குச் செஞ்சோமுங்க செல்வி. ஆனா நின்னா, ஊரு நம்மளைப் பாக்குது." அதன்பிறகு எங்கே போனாலும் அதுதான் நடந்தது. நிற்கிறவளை யாரும் சும்மா விடுவதில்லை. சைக்கிள் கடைக்காரர் ஸ்டூலைத் தூக்கிப் போடுவார். நெசவு வீட்டுப் பாட்டையா ஒருவர் நம்மை வெயிலில் நிற்கவிடாமல் நிழலுக்குத் தள்ளுவார். சிலபேர் சண்டைக்கும் வந்தார்கள். யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால், கையை ஆட்டினால், நீங்கள் கேமராவை இறக்கிவிடுவீர்கள். படம் விழுவதற்குள் அவர்கள் அப்படிச் செய்ய நேரம் இருந்தது.

இந்தக் கேமராவை நிறையச் செய்து விற்கிற பேச்சுக்காக நாம் பெங்களூர்வரை போனோம். உங்களோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் வேறொரு கம்பெனியில் இருந்தார். அவர்தான் கூப்பிட்டார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பெட்டியைக் கையிலேந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "டிசைன் ரொம்ப நல்லா இருக்கு" என்று ஒருவர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நூல் மில் மூடி வரைகிறவள் நான். பிறகு அவர்கள் கேட்டது இரண்டு விஷயம். காத்திருப்பு வேண்டாம் என்கிறவர்கள் அதை அணைத்துக்கொள்ள ஒரு வசதி. போகிற இடத்துக்கெல்லாம் புள்ளி கொடுத்து, நண்பர்களோடு போட்டி போட ஒரு ஏற்பாடு.

போட்டியைப் பற்றி நீங்கள் யோசிக்கக்கூடத் தயாராக இருந்தீர்கள். காத்திருப்பைப் பற்றி மட்டும், "அதை அணைச்சா இது வேற சாமானுங்க" என்று அங்கேயே சொல்லிவிட்டீர்கள். நம்மைக் கூப்பிட்டவர் மரியாதையாகத்தான், நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நீங்கள் பெட்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தீர்கள்.

திரும்பி வரும் ரயிலில் இருவரும் அசந்து தூங்கி, திண்டுக்கல்லை விட்டுவிட்டோம். கண் விழித்தபோது கொடைரோடு. இறங்கி, திரும்பிப் போகிற வண்டிக்காக பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தோம். விடிந்து வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மலைப்பக்கம் மேகம். எனக்குப் பசி, ஆத்திரம்.

"அந்தாளு கேட்டதுல என்ன தப்பு மதினி? ஒரு ஸ்விட்ச்சுதான? வேணுங்கறவங்க நிக்கப் போறாங்க, வேணாங்கறவங்க போகப் போறாங்க."

"எல்லாருமே அணைச்சிருவாங்க செல்வி."

"அணைச்சா அணைக்கட்டும். ஊரு ஊரா போயிருக்கும்ல? இப்பப் பாருங்க, இம்புட்டு வேலையும் மாடியறையோட போச்சு."

கொஞ்ச தூரத்தில் ஓர் அம்மா கூடையில் கொய்யா அடுக்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் பைக்குள்ளிருந்து கேமராவை எடுத்து, உட்கார்ந்தபடியே அவளை நோக்கி வைத்தீர்கள். அவள் நிமிர்ந்தாள். பார்த்தாள். "எதுக்குத்தா இப்ப? தலைகூடச் சீவல, வேணாம் வேணாம்" என்று முந்தானையை இழுத்து முகத்தை மூடினாள். நீங்கள் இறக்கிவிட்டீர்கள்.

"அவங்க வேணாமுன்னு சொல்றதுக்கு இருக்கற நேரமுங்க இது," என்றீர்கள். "அத்தனை வருசமா நான் பாத்தது யாருக்குமே அந்த நேரம் கொடுக்காத வேலை. மறுபடி அதையே சின்னதாச் செஞ்சு கொடுக்க என்னால முடியாதுங்க. நீங்க கோவிச்சுக்கோங்க, பரவாயில்லை."

நான் கோபித்துக்கொண்டேன். கொய்யா வாங்கித் தந்தீர்கள், தின்றுகொண்டே கோபித்துக்கொண்டேன். சொன்னது அப்போது காதில் விழுந்ததே தவிர, மனதில் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நாமே சில கேமராக்கள் செய்து, மணிக்கூண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சகாயம் அண்ணனிடம் கொடுத்தோம். மலைக்கோட்டை பார்க்க வருகிறவர்கள் சும்மா வாங்கிப்போய்த் திருப்பித் தரலாம் என்று ஏற்பாடு. ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார். "வாங்கிட்டுப் போறாங்க தங்கச்சி. செத்த நேரத்துல திரும்பி வந்து, அண்ணே இது ரிப்பேரு, அமுக்கினா எடுக்க மாட்டேங்குதுன்னு வச்சுட்டுப் போயிடுறாங்க." ஒரு காலேஜ் பெண் மட்டும் தொடர்ந்து கொஞ்ச நாள் எடுத்துப் போயிருக்கிறாள், பிறகு அவளும் வரவில்லை. அன்று அவர் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "ஊருக்கே அவசரமுங்க செல்வி. நமக்கு மட்டும்தான் மூச்சு வாங்குது." நீங்கள் சோர்ந்துபோய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனாலும் நாம் நடப்பதை விடவில்லை. நாலு கடைக்கு ஒருதரம் நின்றது இரண்டு கடைக்கு ஒருதரமாயிற்று. பிறகு வாசலோடு. மறுபடி வால்வை மாற்ற வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பட்டறை முடிந்ததும் பஸ் ஏறி வருவேன். படுக்கையில் சாய்ந்துகொண்டு, "இன்னைக்கு எங்க நின்னீங்க?" என்று கேட்பீர்கள். படம் கொண்டுவரட்டுமா என்றால் வேண்டாம் என்பீர்கள். "சொல்லுங்க, போதும்." கறிக்கடை முக்கில் புதுசாகச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று சொன்னால், என்ன நிறம், ஏணி எந்தப் பக்கம் சாய்த்திருந்தது, அடிக்கிறவர் பாடினாரா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. மறுநாள் போய்ப் பார்த்துவந்து சொல்வேன். பாடவில்லை மதினி, பீடி குடித்தார் என்று சொன்னதற்கு அப்படிச் சிரித்தீர்கள், நர்ஸ் வந்து அதட்டும்வரை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். நீங்கள் அண்ணனிடம் தண்ணீர் கேட்டீர்கள், பேசினீர்கள். பிறகு காய்ச்சல் வந்தது. பிறகு கண் திறக்கவில்லை. இவ்வளவுதான். எத்தனை தடவை சொன்னாலும் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எத்தனை தடவை சொல்லிவிட்டேன், மதினி. என் களைப்பு அதுதான்.

காரியமெல்லாம் முடிந்து நான் வேலைக்குப் போன முதல் நாள், பூ மார்க்கெட் வழியாக வந்தேன். சம்பங்கிக் கடை அம்மா பார்த்துவிட்டாள். "எங்க ஒங்க மதினி? மேலுக்கு முடியலையா?" சொன்னேன். அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழ, நான் தேற்றினேன். மறுநாள் சைக்கிள் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, பின்னால் நீங்கள் வருகிறீர்களா என்று எட்டிப் பார்த்தார். அதற்கடுத்து நெசவு வீட்டுப் பாட்டையா. பிறகு பேர்கூடத் தெரியாத ஆட்கள். வேறு யார் இறந்தாலும் செய்தியைச் சொந்தத்தில், வேலையிடத்தில் சொன்னால் முடிந்துவிடும். நீங்கள் ஊரில் நின்ற இடத்துக்கெல்லாம் நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்வது ஒரு வாக்கியம்தான். கேட்டவர்கள் அதற்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. கொஞ்ச நாளில் நான் வழியை மாற்றினேன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை விட்டு உள்பக்கம் உட்கார்ந்தேன். பழையபடி வீடு, பஸ் ஸ்டாண்டு, பட்டறை.

போன ஞாயிறு அண்ணன் வந்து நின்றான். நீங்கள் போன பிறகு அவன் பேங்க்கு, வீடு, டிவி என்று இருப்பதுதான். "நீங்க ரெண்டு பேரும் நடப்பீங்கல்ல, எங்க போவீங்க?" என்று கேட்டான். "என்னையும் கூட்டிட்டுப் போ." எனக்கு மனசே இல்லை. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

பேகம்பூர்ப் பக்கம் போனோம். நீங்கள் அரைச்சர்க்கரை போட்டு டீ குடிக்கிற பாய் கடை. என்னைப் பார்த்ததும் பாய் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "வாங்கம்மா, ரொம்ப நாளாச்சு. அந்த மெதுவா நடக்குற அம்மா வரலையா?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் சொல்லிவிட்டான்.

"அவ தவறிட்டா பாய். நான் அவ வீட்டுக்காரன்."

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். "அல்லாவே" என்றார். ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அண்ணனின் தோளைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைக்கு வந்த ஆட்களைப் பையன் பார்த்துக்கொண்டான். நீங்கள் அந்தச் சுவரில் விரிசல் எப்படி வந்தது என்று அவரோடு வாதாடியதை, மழைநாளில் அவர் குடை கொடுத்ததை, அதைத் திருப்பித் தர நீங்கள் அவர் வீட்டுக்கே போய் அவர் மனைவியோடு சோறு தின்றதை எல்லாம் சொன்னார். எனக்கே தெரியாது அது. "ஒங்களப் பத்தியும் அந்த அம்மா சொல்லும்," என்றார் பாய். "ஞாயித்துக்கெழமகூட பேங்க் வேலைன்னு உக்காந்திருப்பாரு பாய், நீங்களாச்சும் ஒருநாள் கூப்பிட்டு டீ கொடுங்கன்னு. கோவமாச் சொல்லாது. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லும்."

அண்ணன் சிரித்தான். பிறகு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். பாய் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். முதல்தடவையாக நான் யாருக்கும் சொல்லவில்லை, யாரையும் தேற்றவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். அங்கேதான், மதினி, எனக்கு அழுகை வந்தது.

திரும்பி நடக்கும்போது அண்ணன் கேட்டான், "இந்த மாதிரி இன்னும் எத்தனை இடம் இருக்கு?"

"நெறைய இருக்குண்ணே."

"நான் சொல்லிக்கிறேன். நீ வழி மட்டும் காட்டு." கொஞ்ச தூரம் போய், "அவசரம் இல்ல, மெதுவாப் போவோம்" என்றான்.

நீங்கள் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இதுதான்: போய்ச் சொல்லவேண்டிய சில தெருக்கள். அங்கேயெல்லாம் யாரோ ஒருவர் இன்னும், அந்த மெதுவாக நடக்கிற அம்மாவைக் காணோமே, அடுத்த வாரம் வருவாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். போகத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கு ஒரு தெரு போதும் என்று வைத்திருக்கிறோம்.